இயக்குநர் திறந்த போல்ட்

"நீ எந்த போல்ட்டுலம்மா ரிப்பன் கட்டினே?"

டிரைவர் அண்ணன் ஒருநாள் ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே நின்று, அங்கே உதவியாளராக இருந்த அவளிடம் இப்படிக் கேட்டார். அவருடைய வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. குரலில் கோபம் இல்லை. அடுத்த பஸ் எப்போது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் தலையை நிமிர்த்தாமல், "நீங்க காட்டினதுலதான்ணே" என்றாள்.

பிறவியிலேயே கூச்சக்காரி. மேலதிகாரி பெயர் கேட்டால்கூடப் பாதிப் பெயரோடு நின்றுவிடுபவள். உண்மை பேசும்போதெல்லாம் தடுக்கி விழுந்த நாக்கு, இந்தப் பொய்யை மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே விட்டது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த ரிப்பன் கதையைச் சொல்வதற்கு முதலில் குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நகரப் பூங்கா வாரியத்துக்கு இருபது அதிகாரிகளும் ஒரு வண்டியும் இருந்தன. அந்த வண்டி ஜப்பானில் யாரோ ஒரு விவசாயி ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற சின்ன லாரி. மூக்கே கிடையாது. சுவரில் முட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது போலத் தட்டை முகம். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருந்ததால் ஓட்டுகிறவருக்கு மழைக்காலத்தில் சுகம், வெயில் காலத்தில் தண்டனை. வாரியத்தின் ஏட்டில் அதன் பெயர் 'சிறு கனரக ஊர்தி'. மற்ற எல்லோருக்கும் குட்டி.

குட்டியை ஓட்டியவர் ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். ஸ்டீயரிங்குக்கு இருபுறமும் முழங்கால்களை நிறுத்தி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்காருவார். வருஷக்கணக்கில் அப்படி ஓட்டி ஓட்டி, எந்த வாசலைப் பார்த்தாலும் குனிகிற பழக்கம் வந்துவிட்டது. எஞ்சின் சூட்டுக்கு அவர் மனைவி ஒரு தடித்த மெத்தை தைத்துக் கொடுத்திருந்தாள். செடிகள், உரமூட்டை, தண்ணீர் டிரம், வெட்டிய புல் எல்லாம் குட்டியின் முதுகில்தான் போகும். அவர் அதை ஓட்டினார் என்பதைவிட, உடுத்திக்கொண்டார் என்பதே சரி.

குட்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்க ஆரம்பித்து நெடுநாளாகியிருந்தது. எஞ்சின் எண்ணெய் தார் மாதிரி ஆகிவிட்டது, எண்ணெய் ஃபில்டரும் காற்று ஃபில்டரும் அடைத்துக்கொண்டன என்றார். வாரியம் அதை அலட்சியம் செய்துவிடவில்லை. ஒரு குழு போட்டது.

எண்ணெய்த் தேர்வுக் குழுவின் கூட்டத்துக்கு மாதிரி டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போனவள் ஸ்டோர்ப் பெண்தான். கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வண்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளில் ஜப்பானிய எழுத்துக்களுக்கு நடுவே முப்பது என்ற எண் இருக்கிறது, அந்த ரகம்தான் வேண்டும் என்று டிரைவர் சொல்லியனுப்பியிருந்தார். துணை இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை.

"பக்கத்துல குடிநீர் வாரியம் அவங்க லாரிக்கு அம்பது ஊத்தறாங்க. நாம முப்பதோட நின்னா நாளைக்கு நம்மள யார் மதிப்பாங்க?"

அந்த எண் எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிப்பது என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். வாரியத்தின் உறுதி மெல்லிசாக இருக்கலாமா என்று துணை இயக்குநர் திருப்பிக் கேட்டார். மாலை வரை பேசி, இரு தரப்பின் கௌரவமும் கெடாமல் நாற்பது என்று முடிவு செய்தார்கள். முப்பது என்று தாளிலேயே அச்சடித்திருப்பதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். டப்பாக்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள், போனாள்.

காற்று ஃபில்டரின் கதை இன்னும் விசேஷம். டிரைவர் பழையதைக் கழற்றிக் கொண்டுவந்து சுகாதார அதிகாரியின் மேசைமேல் வைத்தார். கரி மூட்டையில் புதைத்து எடுத்தது போல இருந்தது. அதிகாரி, இந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று விசாரித்தார். நம் பூங்காக்களில்தான் என்றார் டிரைவர்.

"அப்ப இது கறுப்பா இருக்க முடியாது" என்றார் அதிகாரி.

ஏனென்றால் எல்லாப் பூங்கா வாசலிலும் 'நகரத்தின் தூய காற்று நம் பூங்காவில்' என்று பலகை வைத்தவரே அவர்தான். காற்று தூயது என்றால் ஃபில்டர் அழுக்காகாது. ஃபில்டர் அழுக்காகாது என்றால் மேசைமேல் இருப்பது அழுக்கல்ல. ஆகவே, ஃபில்டரின் இயற்கை நிறமே கறுப்பு என்று முடிவாகி, பழையது மரியாதையோடு குட்டிக்குள் திரும்பப் பொருத்தப்பட்டது. அதற்குள் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த புது ஃபில்டர் கடையிலிருந்து வந்து சேர்ந்தது. அது வெள்ளையாக இருந்தது. வெளுத்துப்போன சரக்கு என்று ஸ்டோர் கண்காணிப்பாளர் அவளிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். கடைக்காரர் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

இதற்குப் பிறகும் எண்ணெய் வெளியே வரவில்லை. பழைய பொருளை ஒப்படைத்தால்தான் ஸ்டோரிலிருந்து புதுப் பொருள் தர முடியும் என்பது வாரியத்தின் விதி. பழைய எண்ணெய் எஞ்சினுக்குள் இருந்தது. அதை இறக்கினால் வண்டி ஓடாத வண்டியாகிவிடும். ஓடாத வண்டிக்கு எண்ணெய் தர விதியில் இடமில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க யாராலும் முடியாமல் கடைசியில் விஷயம் இயக்குநரிடம் போனது. தாமே தம் கையால் பழைய எண்ணெயை இறக்கி, அதே நொடியில் புதியதை வழங்கிவிட்டால் இரண்டு விதிகளும் காப்பாற்றப்படும் என்று அவர் கண்டுபிடித்தார். 'திரவ மாற்று விழா' என்று பெயர் வைத்தார்கள்.

ஷெட்டில் வண்டிக்கு அடியில் நின்று பழுது பார்க்கிற குழி ஒன்று இருந்தது. அதன் படிக்கட்டுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்து, உள்ளே ஒரு நாற்காலியும் போட்டார்கள். எண்ணெய் இறங்குவதற்குத் திறக்க வேண்டிய போல்ட்டை இயக்குநர் தேடித் தடவிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் அதில் மஞ்சள் ரிப்பன் கட்டிவைக்கச் சொன்னார்கள். ரிப்பன் ஸ்டோர் சாமான். எனவே கட்டும் வேலை அவளுக்கு வந்தது.

விழாவுக்கு முந்தின நாள் டிரைவர் அவளைக் குழிக்குள் அழைத்துப்போய்க் காட்டினார். ஒரே மாதிரி இரண்டு போல்ட்கள். முன்னால் இருட்டில் சேறு படிந்து இருந்தது ஒன்று. பின்னால் விளக்குக்கு நேரே பளிச்சென்று இருந்தது இன்னொன்று.

"முன்னாடி இருக்கறது எஞ்சின். பின்னாடி இருக்கறது கியர் பாக்ஸ். கியருக்கு உள்ள எண்ணெய் நல்லாத்தான் இருக்கு, அதுல கை வெக்கவே கூடாது. அது வத்திப்போச்சுன்னா குட்டி செத்துடும். புரியுதா தங்கச்சி?"

புரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் இருந்த போல்ட்டில் இரட்டை முடிச்சாகக் கட்டினாள். நாளைக்குத் தன்னை ஷெட்டுக்குள் விடமாட்டார்கள், விருந்தினர்களின் கார்களை வாசலில் ஒழுங்குபடுத்தப் போட்டிருக்கிறார்கள், நீதான் குட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியேறினார். ஏறும்போது ஷெட்டின் உயரமான உத்தரத்துக்கும் சேர்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த இரட்டை முடிச்சை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டாள். வாரியத்தில் அவளை நம்பி ஒருவர் ஒப்படைத்த முதல் காரியம் அது.

மறுநாள் காலையில் விளம்பர அதிகாரி காமிராக்காரரோடு குழிக்குள் இறங்கினார். ஏறியபோது முகம் சரியில்லை. ரிப்பன் இருக்கும் இடத்தில் ஐயாவின் முகம் படத்தில் விழாது, இருட்டு, அதை விளக்கடியில் இருக்கிற போல்ட்டுக்கு மாற்று என்றார்.

"சார், அது வந்து..." என்றாள் அவள்.

"வந்து போயின்னு இழுத்துக்கிட்டு நிக்காதேம்மா. ஐயா கார் வாசலுக்கு வந்தாச்சு."

அவள் குழிக்குள் இறங்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். யாராவது ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை பெரியவர்கள் வருகிற இடத்தில் ஒருவருக்குமா தெரியாமல் போகும்? இப்படியாக, தெரிந்தே, பின்னால் இருந்த போல்ட்டில் கட்டினாள். அவசரத்தில் கட்டியதால் இந்த முறை ஒற்றை முடிச்சுதான்.

இயக்குநர் கையுறை போட்டுக்கொண்டு குழிப் படிக்கட்டில் நின்று உரையாற்றினார்.

"பழையதை வெளியேற்ற இந்த வாரியம் தயங்கியதே இல்லை. எனக்கு முன்பு இந்தப் பதவியில் இருந்தவரை நான் எப்படி வெளியேற்றினேன்? சத்தமில்லாமல், அடியில் போய், ஒரே ஒரு திருகல். அவர் போகும்வரை அவருக்கே தெரியாது. அதே அனுபவத்தோடுதான் இன்று இந்தக் குழியில் இறங்குகிறேன்."

கைதட்டல் ஷெட்டுத் தகரத்தை அதிரவைத்தது. அவர் இறங்கினார். காமிராவைப் பார்த்துக்கொண்டே திருகினார். எண்ணெய் வந்தது. கறுப்பாக வரவில்லை. தேன் நிறத்தில், மெல்லிய கயிறு போல வாளிக்குள் இறங்கியது.

"பாருங்கள்" என்றார் இயக்குநர், "இத்தனை காலம் மாற்றாமல் இருந்தும் எவ்வளவு சுத்தம். வேலையே செய்யாமல் பராமரிக்க முடியும் என்று நான் சொன்னபோது சிலர் சிரித்தார்கள்."

கூட்டத்தில் இரண்டு பொறியாளர்கள் இருந்தார்கள். இருவரும் வாளியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள்.

தட்டேந்தி நின்ற அவள், "சார், அது கியரோட..." என்று கண்காணிப்பாளரிடம் ஆரம்பித்தாள். கியரெல்லாம் அப்புறம், முதலில் ஐயா கை துடைக்கத் துண்டைக் கொடு என்றார் அவர். கொடுத்தாள். அவளிடம் எப்போதும் ஒரு வாக்கியத்தின் தொடக்கம்தான் இருந்தது. முடிவு வருவதற்குள் யாருக்காவது துண்டு தேவைப்பட்டுவிடும்.

காலியான கியர் பாக்ஸின் போல்ட்டை இறுக்கி மூடினார்கள். தார் போன்ற பழைய எண்ணெய் நிறைந்திருந்த எஞ்சினுக்குள், அதன் தலைக்குமேல் புது எண்ணெயை ஊற்றினார்கள். எண்ணெய் ஃபில்டரை வெல்வெட் துணியில் வைத்து இயக்குநரிடம் நீட்ட, அவர் தொட்டார். இயக்குநர் தொட்ட பொருளை அழுக்கு எஞ்சினில் மாட்டுவது அவமரியாதை என்று அதைக் கொண்டுபோய் அவர் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். கடைசியில், ஐயாவின் கைபட்ட வேலையை யாரும் கலைத்துவிடாதபடி சீட்டுக்கு அடியில் இருந்த மூடிக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். அதை உடைப்பது குற்றம்.

சாயங்காலம் டிரைவர் வந்து, கறுப்பாக வந்ததா என்று கேட்டார்.

"நெறைய வந்துதுண்ணே" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். காலையில் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். காலையில் அவள் வருவதற்குள் குட்டி கிளம்பியிருந்தது.

சில நாட்களில் குட்டி பேச ஆரம்பித்தது. முதலில் முனகல். பிறகு அரைக்கிற சத்தம். பின்னால் நீலப் புகை. டிரைவர் போய்ச் சொன்னதற்கு, புது எண்ணெய்க்குப் புதுக் குரல் வருவது சகஜம்தான் என்று உதவிப் பொறியாளர் விளக்கினார். அவர் விழாவில் பலமாகக் கைதட்டியவர்களில் ஒருவர். முத்திரையை உடைத்துப் பார்க்க அனுமதி கேட்டதற்கு, இயக்குநரின் வேலையைச் சோதிக்க டிரைவருக்கு என்ன தகுதி என்று பதில் வந்தது. ஒவ்வொரு நாளும் ஸ்டோர் ஜன்னலைக் கடக்கும்போது குட்டி அந்தச் சத்தத்தை அவள் காதில் போட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு நாளும் அவள் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தாள்.

மேட்டுப் பூங்காவின் இறக்கத்தில், தண்ணீர் டிரம்களோடு இறங்கிக்கொண்டிருந்தபோது கியர் பாக்ஸ் இறுகி உடைந்தது. பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் இழுத்துப்போய், இயக்குநர் பெயர் பொறித்த அடிக்கல்லில் மோதி நின்றது. டிரைவரின் கை முறிந்தது. கல்லில் இயக்குநர் பெயரின் கடைசி எழுத்து உடைந்து விழுந்தது. இரண்டில் எதற்காக விசாரணை வைத்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸில் பொட்டு எண்ணெய் இல்லை என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் அவர் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். அவளும் அந்தப் பதிலைச் சொன்னாள்.

அவர் மாவுக்கட்டுப் போட்ட கையை உயர்த்திப் பார்த்தார்.

"அப்ப நான்தான் மாத்திக் காட்டிட்டேன் போல. இத்தனை வருஷம் ஓட்டியும் கை மறந்துபோச்சு பாரு" என்றார். "நீ மனசுல வெச்சுக்காதே தங்கச்சி. உன் மேல ஒண்ணும் இல்ல."

அவளுக்கு அந்த ஸ்டூலோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். டிரைவரின் வேலை போகுமா நிலைக்குமா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். முதலில் டிரைவர் எழுந்து, தப்பான போல்ட்டைத் தாமே காட்டிவிட்டதாகத் தோன்றுகிறது, அதனால்தான் கியர் எண்ணெய் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டார். விசாரணைக் குழுத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தப்பான போல்ட்டுன்னு எதைச் சொல்றீங்க?"

"இயக்குநர் ஐயா திறந்தது சார். அது கியர் போல்ட்டு."

"இயக்குநர் எஞ்சின் போல்ட்டைத் திறந்ததா அழைப்பிதழ்ல அச்சடிச்சிருக்கு. ஆக, அவர் திறந்ததுதான் எஞ்சின் போல்ட்."

அப்படியானால் மற்றது என்ன என்று டிரைவர் கேட்டார். அது இன்னும் திறந்துவைக்கப்படாத போல்ட், அதைப் பற்றி வாரியம் இப்போதைக்குக் கருத்துச் சொல்ல இயலாது என்றார் தலைவர்.

அப்போது பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"சார், நான்தான்..."

தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, நீதானா ரிப்பன் கட்டினது? படத்துல ரொம்ப அழகா விழுந்திருக்கு. உட்காரும்மா."

அவள் நின்றாள். சொல்ல வேண்டியது மனதில் தயாராக இருந்தது. தெரிந்தேதான் கட்டினேன், அவர் சரியாகத்தான் காட்டினார், அவ்வளவுதான். அந்த அறையில் யாருக்கும் அப்போது துண்டு தேவைப்படவில்லை. மூன்று பேரும் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். தம் தப்பை இந்தப் பெண் தன் தலையில் போட்டுக்கொள்ள எழுந்தாளே என்று அவர் கண்ணில் நன்றி தெரிந்தது. அந்தப் பார்வைக்குப் பதில் யாராவது அறைந்திருந்தால் தேவலை.

மாலையில் முடிவு வந்தது. மிகையாகக் கியர் போட்டு ஊர்தியை மனம் நோகச் செய்ததற்காகவும், இயக்குநரின் பெயருக்குச் சேதம் விளைவித்ததற்காகவும் டிரைவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதே கூட்டத்தில், விழாவில் சிறப்பாக ரிப்பன் கட்டிய ஸ்டோர் உதவியாளருக்குப் பாராட்டுப் பத்திரமும் 'முதல்நிலை நாடா உதவியாளர்' என்ற புதிய பதவியும் வழங்கினார்கள். அவளுடைய அம்மா அந்தப் பத்திரத்தைச் சட்டம் போட்டு, அவள் படுக்கைக்கு நேரெதிரே மாட்டினாள். உங்கப்பா ஆயுசுக்கும் வாங்காத பேரை நீ வாங்கிட்டேடி என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். மகள் அதற்கு முதுகைக் காட்டிப் படுக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து டிரைவர் தன் சாமான்களை எடுக்க வந்தார். சாமான்கள் என்ன பெரிய சாமான்கள். அந்த மெத்தையும், பின்னால் வருவதைப் பார்க்கச் சொந்தமாக வாங்கி மாட்டிய ஒரு சின்னக் கண்ணாடியும்தான். ஸ்டோரிலிருந்து ஓர் ஆள் கூட நிற்க வேண்டும் என்பது விதி. அவள் சாவியோடு போனாள்.

குட்டி ஷெட்டின் மூலையில், முகம் ஒரு பக்கம் நசுங்கி நின்றது. அடியில் அந்த மஞ்சள் ரிப்பன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெயிலும் தூசியிலும் அது மஞ்சள் என்று சொன்னால்தான் தெரியும். அவர் இடது கையால் கண்ணாடியைக் கழற்றினார். வேறு எங்காவது வேலை கேட்டுப் போனால் எந்த போல்ட் எது என்றே தெரியாத டிரைவரா என்று கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தான், இனிமேல் தன்னை நம்பித் தானேகூட ஒரு வண்டியைக் கொடுக்க மாட்டார் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"நீங்க சரியாத்தான் காட்டினீங்கண்ணே" என்றாள். தொடர்ந்து, நிற்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக முடிவு வரைக்கும் பேசினாள். "முன்னாடிதான் காட்டினீங்க. நானும் முன்னாடிதான் கட்டினேன். காலைல போட்டோவுக்காக மாத்தச் சொன்னாங்க. தப்புன்னு தெரிஞ்சேதான் மாத்தினேன். நீங்க கேட்டப்ப உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. மெதுவாகக் குந்தி, குட்டியின் அடியில் எட்டி, தொங்கிய ரிப்பனைப் பார்த்தார். முன்னால் இருந்த போல்ட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பின் எழுந்தார்.

திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை. இப்பவாவது சொன்னியே என்றோ, இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது என்றோ. எதுவானாலும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடத் தயாராக இருந்தாள்.

அவர் மெத்தையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். முற்றத்தைக் கடந்து, மேலே வளைவோ உத்தரமோ ஒன்றுமில்லாத அந்த அகலமான வெளிவாசல் வரை நடந்தார். அங்கே, வானத்துக்கு நேராக, பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.